பீச்சை விட்டு மேல ஏறுங்க: ஸ்பெயின் கோஸ்டா டெல் சோல் வாசகர் கேள்வி பதில்

ஸ்பெயினோட தெக்குக் கடற்கரையில மாலகா நகரத்தைச் சுத்தி இருக்கற பீச் ஊர்கள் பத்தி போன மாசம் ரெண்டு பாரா எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விங்கதான் இந்த மாசம் முழுக்க. முதல்ல ஒரு சின்ன விஷயம், அந்த ஊர் பேர்ல ஆங்கில ஜே எழுத்து வந்தா ‘ஹ’ன்னு படிக்கணும், அதனால நெர்ஜா இல்ல நெர்ஹா, மிஜாஸ் இல்ல மிஹாஸ். பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் கேக்கும்போது இது ரொம்ப உதவும்.

கேள்வி: அக்கா, ஜூன் மாசம் டோரெமோலினோஸ்ல ஏழு நாள் ரூம் போட்டிருக்கோம். நான், வீட்டுக்காரர், 10 வயசு பையன், 68 வயசு மாமியார். கார் எடுக்கப்போறதில்ல. ரோண்டா, கிரனடா, கோர்டோபா, செவில்லா, ஜிப்ரால்டர், நெர்ஹா, மிஹாஸ் எல்லாம் லிஸ்ட்ல இருக்கு. எப்படிப் பிரிக்கறது?

லிஸ்ட்ல முதல்ல ரெண்டை அடிச்சிடுங்கம்மா, செவில்லாவும் ஜிப்ரால்டரும். ரெண்டுமே நல்ல இடம்தான், ஆனா டோரெமோலினோஸ்லேருந்து காலைல போய் ராத்திரி திரும்பினா பாதி நாள் வண்டியிலயே போயிடும், அதுவும் செவில்லா மாதிரி ஒரு ஊரை நாலு மணி நேரத்துல பாத்துட்டு வர்றது அந்த ஊருக்கும் நியாயமில்ல உங்க காலுக்கும் நியாயமில்ல. அது தனியா மூணு நாள் கேக்கற ஊரு.

மிச்சத்துல ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு வைங்க. வெளிய போற நாள் ஒண்ணு, அடுத்த நாள் பீச், மாமியாருக்கு ஓய்வு. ஏழு நாள்ல நாலு ட்ரிப் போதும், அஞ்சாவதுக்கு ஆசைப்படாதீங்க.

முதல் ட்ரிப் மாலகாவாவே இருக்கட்டும். எல்லாரும் ஏர்போர்ட்ல இறங்கி நேரா பீச்சுக்குப் போயிட்டு மாலகாவைப் பாக்காமலேயே ஊர் திரும்பிடறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். டோரெமோலினோஸ்லேருந்து செர்கானியாஸ் சி1 லோக்கல் ட்ரெயின் 20 நிமிஷத்துக்கு ஒண்ணு ஓடுது, ஒரு பக்கம் ஃபுவென்ஹிரோலா, இன்னொரு பக்கம் மாலகா நடு ஊர், நடுவுல ஏர்போர்ட். கடைசி ஸ்டேஷன்ல இறங்கினா பழைய ஊருக்கு நடந்துடலாம். அங்க 11ம் நூற்றாண்டுல ஆரம்பிச்ச அல்கஸாபான்னு ஒரு அரண்மனைக் கோட்டை, அப்ப இந்தப் பக்கத்தை ஆண்ட மூர்கள்ங்கற முஸ்லிம்கள் கட்டினது, அதோட காலடியிலயே ரோமானியர் கட்டின திறந்தவெளி அரங்கம், அதை 1951லதான் கண்டுபிடிச்சாங்க, அதுவரைக்கும் மண்ணுக்குள்ள இருந்திருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நின்னு பாத்தா ஆயிரம் வருஷ இடைவெளி ஒரே பார்வையில தெரியும். மாமியாருக்கு ஏத்தம் கஷ்டம்னா டவுன்ஹால் பின்பக்கத் தெருவுலேருந்து அல்கஸாபாவுக்கு ஒரு லிஃப்ட் இருக்கு, அதைக் கேட்டுட்டுப் போங்க. பக்கத்துலயே பிளாசா தெ லா மெர்செத், 1881ல பிகாசோ பொறந்த வீடு அந்தச் சதுக்கத்துலதான். கதீட்ரலைப் பாத்தீங்கன்னா ஒரு கோபுரம் முழுசா இருக்கும், இன்னொண்ணு பாதியில நிக்கும், பணம் தீந்துபோச்சு, கட்டாமலே விட்டுட்டாங்க, ஊர்க்காரங்க பாசமா அதை ‘லா மான்கிதா’ன்னு கூப்பிடுவாங்க, ஒத்தைக்கைக்காரின்னு அர்த்தம்.

ரெண்டாவது நெர்ஹா, மூணாவது ரோண்டா, நாலாவது கிரனடா இல்லன்னா கோர்டோபா, ரெண்டுல ஒண்ணுதான். கிரனடாவுல இருக்கற அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டைக்கு டிக்கெட் கிடைச்சா கிரனடா, இல்லன்னா கோர்டோபா. மாலகா மரியா ஸம்ப்ரானோ ஸ்டேஷன்லேருந்து ஏவிஇங்கற அதிவேக ட்ரெயின்ல கோர்டோபா ஒரு மணி நேரம்தான், மாமியாருக்கு இது பஸ்ஸை விட சௌகரியம். அங்க மெஸ்கிதா, 785 வாக்குல கட்ட ஆரம்பிச்ச மசூதி, உள்ள 856 தூண், சிவப்பும் வெள்ளையுமா அடுக்கடுக்கா வளைவு, அதுக்கு நடுவயித்துல 16ம் நூற்றாண்டுல ஒரு கதீட்ரலைக் கட்டி வெச்சிருக்காங்க. உள்ள நுழைஞ்சதும் வாய் தானா அடைச்சுடும். ஜூன் கடைசின்னா கோர்டோபா வெயில் கடுமையா இருக்கும், ஜூலை ஆகஸ்ட்ல 40 டிகிரி தாண்டறது அங்க சகஜம், அதனால முதல் ட்ரெயினைப் பிடிச்சுப் போய் மதியம் ரெண்டு மணிக்குள்ள கிளம்பிடுங்க. மிஹாஸ் பத்தி கீழ தனியா சொல்றேன், அது அரை நாள் வேலைதான்.

கேள்வி: அல்ஹம்ப்ரா டிக்கெட் எங்க தேதிக்கு முழுசா வித்துப்போச்சு. இனி கிரனடா போறதே வீணா? ஏஜென்ட் ஒருத்தர் மூணு மடங்கு ரேட் சொல்றார்.

வீண் இல்ல, ஆனா முதல்ல டிக்கெட் கதையைப் புரிஞ்சுக்கங்க. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு வெச்சுத்தான் விடுவாங்க. டிக்கெட் உங்க பேர்ல வரும், பாஸ்போர்ட்டைக் காட்டணும், அதனால அடுத்தவங்க பேர்ல இருக்கற டிக்கெட்டை வாங்கினா வாசல்லயே நிறுத்திடுவாங்க. ஏஜென்ட்கிட்ட வாங்கறதா இருந்தா உங்க பேரும் பாஸ்போர்ட் நம்பரும் கேக்கறாரான்னு பாருங்க, கேக்கலன்னா வேண்டவே வேண்டாம்.

பொது டிக்கெட்ல மூணு பகுதி, நஸ்ரித் அரண்மனைகள், அல்கஸாபா கோட்டை (மாலகாவுல இருக்கறது வேற, இது வேற), ஹெனெராலிஃபே தோட்டம். இதுல நஸ்ரித் அரண்மனைக்கு மட்டும் நேரம் போட்டுத் தருவாங்க, அந்த நேரம் தவறினா போனது போனதுதான். பலபேர் மாட்டறது இங்கதான். மெயின் டிக்கெட் வாசல்லேருந்து நஸ்ரித் வாசலுக்கு நடக்கவே கால் மணி நேரம் ஆகும், இதைத் தெரியாம பத்து நிமிஷம் முன்னாடி வந்து நின்ன ஒரு குடும்பத்தை நான் கண்ணால பாத்தேன், அந்தப் பெரியவர் மூச்சு வாங்க ஓடினாரு, பாக்கவே சங்கடமா இருந்துச்சு. டிக்கெட் போன்லயே இருந்தா மெயின் வாசலுக்குப் போகாம புவெர்தா தெ லா ஹுஸ்தீசியான்னு ஒரு பழைய கோட்டை வாசல் இருக்கு, அது வழியா ஏறினா நஸ்ரித் பக்கம், நடை பாதியா குறையும்.

முழு டிக்கெட் போச்சுன்னா தோட்டமும் அல்கஸாபாவும் மட்டும் பாக்கற டிக்கெட் இருக்கான்னு பாருங்க, ராத்திரி விசிட்டுக்கும் தனி டிக்கெட் உண்டு. அதுவும் இல்லன்னாலும் கோட்டைக்குள்ள சில இடத்துக்கு டிக்கெட்டே வேண்டாம், ஐந்தாம் கார்லோஸ் அரண்மனையோட வட்ட முற்றம் அதுல ஒண்ணு. அப்புறம் எதிர்ல இருக்கற குன்னு மேல அல்பைசின்ங்கற பழைய பேட்டை, அங்க மிரதோர் தெ சான் நிக்கொலாஸ்னு ஒரு மேடை, சாயங்காலம் போய் உக்காருங்க, சிவப்புக் கோட்டை முழுசும் முன்னாடி, பின்னாடி சியெரா நெவாதா மலை, வசந்தத்துல போனா உச்சியில பனி தெரியும். 1492 ஜனவரி 2ம் தேதி கடைசி மூர் ராஜா போஅப்தில் கோட்டைச் சாவியைக் குடுத்துட்டுப் போன ஊர் இது, அந்த மேடையில உக்காந்து இதை நினைச்சா மனசு ஒரு மாதிரி ஆயிடும். ஆனா ஒண்ணு, வாழ்க்கையில ஒரு தடவைதான் ஸ்பெயின் வருவோம்னு இருக்கறவங்க ஹோட்டல் போடறதுக்கு முன்னாடி அல்ஹம்ப்ரா டிக்கெட்டைப் போடுங்க, அந்தத் தேதியை வெச்சு மத்ததைப் பிளான் பண்ணுங்க.

கேள்வி: ரோண்டாவுக்கு பஸ்ல போலாமா, டூர்ல போலாமா? என் பொண்ணுக்கு மலை ரோட்டுல வாந்தி வரும்.

மார்பெயா பக்கம் சான் பெத்ரோலேருந்து ரோண்டாவுக்கு ஏறற ரோடு ஒரே வளைவு, கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், அழகுதான் ஆனா உங்க பொண்ணுக்கு வேண்டாம். மாலகா பஸ் ஸ்டாண்டுல எந்த வழியா போற பஸ்ஸுன்னு கேட்டு உள்நாட்டு வழியா போறதுல ஏறுங்க, ரெண்டு மணி நேரம் சொச்சம். டூர்ல போனா ஒரு சிக்கல், உங்களோட சேந்து இன்னும் முப்பது பஸ் அதே 11 மணிக்கு வந்து இறங்கும், ரோண்டாவோட பேர்போன பாலத்து மேல நகர முடியாது. பஸ்ல போனா நாலு மணிக்கு மேலயும் இருக்கலாம், டூர் கூட்டம் போனதுக்கப்புறம்தான் ரோண்டா ரோண்டாவா இருக்கும்.

அந்தப் பாலத்துக்கு ஒரு கதை இருக்கு. ஊரை ரெண்டா பிளக்கற பள்ளத்தாக்குக்கு மேல 1735ல எட்டே மாசத்துல அவசரமா ஒரு பாலம் கட்டினாங்க, ஆறு வருஷத்துல அது இடிஞ்சு விழுந்து ஐம்பது பேர் கிட்ட செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் 1751ல ஆரம்பிச்சு 1793ல முடிச்சதுதான் இப்ப நிக்கற புவென்தே நுவேவோ. 98 மீட்டர் உயரம், கட்டி முடிக்க 42 வருஷம். பேரு ‘புதுப்பாலம்’, வயசு 230 தாண்டியாச்சு. மேல நின்னு எட்டிப்பாத்துட்டு எல்லாரும் திரும்பிடுவாங்க, அப்படிப் பண்ணாதீங்க, பழைய ஊர் பக்கம் பிளாசா மரியா ஆக்சிலியதோரான்னு ஒரு சதுக்கத்துலேருந்து கீழ இறங்கற பாதை இருக்கு, பாதி தூரம் இறங்கினாலே போதும், அண்ணாந்து பாக்கும்போதுதான் அந்த 42 வருஷம் ஏன்னு புரியும். நல்ல ஷூ போட்டுக்கங்க, திரும்ப ஏறணும்.

கேள்வி: காமினிதோ டெல் ரே போகணும்னு ரொம்ப நாள் ஆசை. எனக்கு உயரம்னா கொஞ்சம் பயம். 7 வயசு பையனைக் கூட்டிட்டுப் போலாமா?

பையனுக்கு அனுமதி இல்ல தம்பி. 8 வயசுக்குக் கீழ விடவே மாட்டாங்க, அங்க போய்க் கெஞ்சி பிரயோஜனம் இல்ல. ஒரு வருஷம் பொறுத்துக்கங்க.

உங்க பயத்தைப் பத்தி. செங்குத்துப் பாறையில ஒட்டி வெச்ச மரப்பலகைப் பாதை, கீழ நூறு மீட்டர் பள்ளம், ஆனா கைப்பிடி கம்பி முழுக்க இருக்கு, ஹெல்மெட் தருவாங்க, ஒரே திசையிலதான் நடக்கணும், எதிர்ல ஆள் வந்து இடிக்கற பிரச்னை கிடையாது. 1901லேருந்து 1905 வரைக்கும் மின்நிலைய வேலைக்காரங்க போய்வர கட்டின பாதை, 1921ல ராஜா பதிமூணாம் அல்ஃபோன்சோ அணைத் திறப்புக்கு வந்தப்ப இது வழியா நடந்தார், ‘ராஜாவோட சின்னப் பாதை’ன்னு பேரு வந்தது அப்படித்தான். பின்னாடி சிதிலமாயி, 1999லயும் 2000லயும் ஆட்கள் விழுந்து செத்ததும் மூடிட்டாங்க, 2015லதான் புதுசா கட்டித் திறந்தாங்க. புதுப் பலகைக்குக் கீழயே பழைய பாதை ஓட்டை ஓட்டையா தொங்கறது தெரியும், அதைப் பாக்கும்போதுதான் வயித்தைக் கலக்கும், பயம்னா அந்த இடத்துல எதிர்ப்பாறையைப் பாத்துட்டு நடங்க. நடுவுல பள்ளத்தாக்கு அகலமாகி ஒரு சமவெளி மாதிரி வரும், அங்க மூச்சு விட்டுக்கலாம். கடைசியில ஒரு தொங்குபாலம், அது காத்துல லேசா ஆடும், சொல்லிடறேன்.

மொத்தம் 7.7 கிலோமீட்டர், அதுல பலகைப்பாதை 2.9, மூணு நாலு மணி நேரம் வெச்சுக்கங்க. அர்தாலெஸ் பக்கம் ஆரம்பிச்சு எல் சோரோ பக்கம் முடியும், ரெண்டு முனைக்கும் நடுவுல ஷட்டில் பஸ் ஓடுது. வழியில டாய்லெட் கிடையாது. காத்து ஜாஸ்தியா இருந்தா அன்னிக்கு மூடிடுவாங்க, அதனால இதைக் கடைசி நாள்ல வைக்காதீங்க. டிக்கெட் முன்கூட்டியே ஆன்லைன்ல, நேரம் போட்டது, திங்கக்கிழமை லீவு.

கேள்வி: ஒரே நாள்ல ஆப்பிரிக்கா போயிட்டு வரலாம்னு ஹோட்டல் டூர் டெஸ்க்ல சொன்னாங்க, டாஞ்சியர் டே ட்ரிப். போகலாமா? இந்திய பாஸ்போர்ட்.

டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டைத் திறந்து ஷெங்கன் விசாவுல எத்தனை தடவை நுழையலாம்னு போட்டிருக்குன்னு பாருங்க. ஒண்ணுன்னு இருந்தா மொராக்கோவுல கால் வெச்ச நிமிஷமே உங்க விசா முடிஞ்சுது, திரும்ப ஸ்பெயினுக்குள்ள வர முடியாது, உங்க பெட்டி ஹோட்டல்ல, நீங்க டாஞ்சியர்ல. மல்ட்டிப்பிள்னு இருக்கணும். அதுக்கு மேல இந்திய பாஸ்போர்ட்டுக்கு மொராக்கோ விசா தனியா எடுக்கணும். டூர் டெஸ்க்ல இருக்கறவங்க ஐரோப்பிய பாஸ்போர்ட்காரங்களுக்கே தினமும் டிக்கெட் வித்து பழகினவங்க, இதைச் சொல்லணும்னே அவங்களுக்குத் தோணாது. எனக்கும் யாரும் சொல்லல, விசாவை நானே பாத்ததாலதான் தப்பிச்சேன்.

பேப்பர் எல்லாம் சரியா இருந்தாலும் நான் இதை டே ட்ரிப்பா சொல்ல மாட்டேன். தரீஃபாலேருந்து கப்பல் ஒரு மணி நேரம்தான், ஜிப்ரால்டர் நீரிணை அங்க 14 கிலோமீட்டர்தான் குறுகலான இடத்துல, ஆனா டோரெமோலினோஸ் பக்கத்துலேருந்து தரீஃபா போகவே ரெண்டு மணி நேரத்துக்கு மேல. போக வர, இமிக்ரேஷன் வரிசை, எல்லாம் போக டாஞ்சியர்ல மிஞ்சறது மூணு நாலு மணி நேரம், அதுலயும் பாதி கார்ப்பெட் கடையில. ஆப்பிரிக்காவைக் கண்ணால பாத்தா போதும்னா தரீஃபா வரைக்கும் மட்டும் போங்க, கரையில நின்னா எதிர்ல ஆப்பிரிக்க மலை தெளிவாத் தெரியும்.

கேள்வி: நாங்க சுத்த சைவம், முட்டையும் கிடையாது. வெளிய போற நாள்ல என்ன சாப்பிடறது?

பட்டினி கிடக்க மாட்டீங்க, ஆனா கேட்டு வாங்கணும். மாலகாவோட சொந்தச் சாப்பாடு அஹோபிளாங்கோ, பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய் அரைச்ச வெள்ளை நிறச் சில்லுனு சூப், மேல திராட்சை போட்டுத் தருவாங்க, வெயில்ல நடந்து வந்து அதைக் குடிச்சா உயிர் வரும். காஸ்பாச்சோங்கற சில்லுனு தக்காளி சூப்பும் சைவம்தான். அதே மாதிரி கெட்டியா இருக்கற சால்மொரேஹோல மட்டும் மேல முட்டையும் பன்னி இறைச்சித் துண்டும் தூவுவாங்க, ‘சின் ஹமோன், சின் உவேவோ’ன்னு சொல்லிடுங்க, சின்னா இல்லாமன்னு அர்த்தம். கத்தரிக்காயை மெல்லிசா வறுத்து கரும்புப்பாகு ஊத்தித் தருவாங்க, பெரென்ஹேனாஸ் கோன் மியெல், நம்ம நாக்குக்கு அது ரொம்பப் பிடிக்கும், மாவுல முட்டை சேக்கறாங்களான்னு மட்டும் கேளுங்க. சாலட்னு சொன்னா அதுல டூனா மீன் இருக்கும், அவங்க ஊர்ல பலபேருக்கு மீன் போட்டாலும் சைவக் கணக்குதான், அதனால ‘சின் அதூன்’.

நேரம்தான் முக்கியம். மதியச் சாப்பாடு ரெண்டு மணிக்குத்தான் களை கட்டும், நாலு மணிக்கு மேல சமையல்கட்டை மூடிட்டா ராத்திரி எட்டரை வரைக்கும் பல ஊர்ல ஒண்ணும் கிடைக்காது. ரோண்டாவுல அஞ்சு மணிக்குப் பசிச்சா கஷ்டம். பையில பழமும் ரொட்டியும் வெச்சுக்கங்க.

கேள்வி: மெடிட்டரேனியன்னா வெதுவெதுப்பா இருக்கும்னாங்க, போன ஆகஸ்ட்ல மாலகா பக்கம் கால் வெச்சா ஐஸ் மாதிரி இருந்துச்சே?

அந்தக் கரை ஜிப்ரால்டர் நீரிணைக்குப் பக்கம், அட்லாண்டிக்லேருந்து குளிர்ந்த தண்ணி அது வழியா உள்ள வருது, அதனால ஆகஸ்ட்லயே 22, 23 டிகிரிதான். நீங்க போன அன்னிக்கு வெளிய அனல் அடிச்சுதா? அப்படின்னா அது தெர்ரால், மலைப்பக்கமிருந்து இறங்கற வறண்ட காத்து, அது கடலோட மேல்தண்ணியைக் கரையை விட்டுத் தள்ளிடும், அடியிலிருக்கற குளிர்ந்த தண்ணி மேல வரும். ஊர் கொதிக்கும், கடல் சில்லிடும். தெர்ரால் அடிக்கற நாள்ல மலை ஊருக்கெல்லாம் கிளம்பாதீங்க, மியூசியத்துக்குப் போங்க.

கேள்வி: நெர்ஹா குகையும் பக்கத்து வெள்ளை ஊரும் ஒரே நாள்ல முடியுமா?

தாராளமா. மாலகாலேருந்து 50 கிலோமீட்டர் கிழக்கே, பஸ் இருக்கு. காலைல முதல்ல குகை, நேரம் போட்ட டிக்கெட் முன்னாடியே எடுத்துடுங்க. 1959 ஜனவரி 12, மாரோங்கற பக்கத்துக் கிராமத்துப் பசங்க அஞ்சு பேர் வௌவால் பிடிக்கப் போய்க் கண்டுபிடிச்ச குகை இது. உள்ள ஒரு தூண் 32 மீட்டர் உயரம், சொட்டுச் சொட்டா தண்ணி இறங்கியே உருவானது. படி நிறைய, முட்டிவலிக்காரங்க யோசிங்க. மதியம் ஃப்ரிஹிலியானா, ஆறே கிலோமீட்டர் மேல, வெள்ளைச் சுவரும் கூழாங்கல் படியும், அந்தக் கரும்புப்பாகு இந்த ஊர்ல செய்யறதுதான், ஒரு பாட்டில் வாங்கிட்டு வாங்க. சாயங்காலம் நெர்ஹாவுக்கு இறங்கி பால்கோன் தெ யூரோப்பாங்கற கடலோர மேடையில கடலைப் பாத்துட்டு பஸ் ஏறலாம். கடைசி பஸ் நேரத்தைக் காலைல இறங்கும்போதே போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

கேள்வி: மிஹாஸ்ல கழுதை சவாரி பண்ணலாமா? அம்மாவுக்கு நடக்க முடியாது.

வேண்டாம்மா. வெயில்ல நாள் முழுக்க கட்டிப்போட்ட ஜீவன், எனக்கு மனசு ஒப்பல. ஃபுவென்ஹிரோலாலேருந்து மிஹாஸுக்கு பஸ் நேரா ஊர் நடுவுலயே விடும், அங்க மேடையில உக்காந்து கடலைப் பாக்கறதுக்கு நடக்கவே வேண்டாம். அம்மாவுக்கு இன்னும் சுலபமா வேணும்னா பெனல்மாதெனா, அங்கயும் சி1 ட்ரெயின் நிக்கும், கலமோர்ரோ மலைக்கு ரோப்கார் இருக்கு. 2003ல திறந்த 33 மீட்டர் புத்த ஸ்தூபி ஒண்ணும் கடலைப் பாத்து நிக்குது, டாக்ஸில போயிடலாம், உள்ள அமைதியா உக்கார இடம் உண்டு.

கேள்வி: அக்கா, யாரும் போகாத இடமா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

அந்தெகேரா. மாலகாலேருந்து வடக்கே ஒரு மணி நேர பஸ். ஊர் ஓரத்துல டோல்மென்னு சொல்ற கல்லறை மேடுங்க, 2016ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தது. மெங்காங்கறது ஐயாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு மேல பழசு, மேல மூடியிருக்கற கல்லுல ஒண்ணு மட்டும் 150 டன்னு கணக்கு சொல்றாங்க, சக்கரமும் இல்லாத காலத்துல எப்படி நகத்தினாங்களோ. பொதுவா இந்த மாதிரி கல்லறைங்க சூரிய உதயத்தைப் பாத்து இருக்கும், பக்கத்துலயே இருக்கற வியெரா அப்படித்தான், மெங்கா அப்படியில்ல, தூரத்துல இருக்கற ஒரு மலையைப் பாத்துத் திறந்திருக்கு, அந்த மலை மல்லாந்து படுத்திருக்கற மனுஷ முகம் மாதிரியே இருக்கும், நெத்தி, மூக்கு, தாடை எல்லாம் தெரியும். உள்ள கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வாசலைப் பாருங்க, இருட்டுச் சட்டத்துக்குள்ள அந்த முகம்.

மதியத்துக்கு மேல டாக்ஸி பேசி எல் தோர்கால் போங்க, கடலுக்கடியில படிஞ்சு மேல எழும்பின சுண்ணாம்புப் பாறை, தோசையை அடுக்கி வெச்ச மாதிரி அடுக்கடுக்கா. பச்சைக் குறி போட்ட பாதை ஒண்ணரை கிலோமீட்டர்தான். மேல குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கங்க, டாக்ஸிக்காரரைத் திரும்பி வரச் சொல்லி நேரமும் பேசிடுங்க, அங்கிருந்து வேற வண்டி கிடைக்காது.